கங்காணியின் கழுத்துப் பட்டி

அத்தியாயம் பதினொன்று

காலை ஆறு மணிக்கு ஜீவராணி தேத்தண்ணிக் கோப்பையை வைத்த விதத்திலேயே மருமகள் நிலக்ஷிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்ற நாட்களில் கோப்பை கைக்கு வரும். இன்று மேசைக்கு வந்தது.

போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தராத வாசகர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாக: நிலக்ஷி கந்தப்பளைப் பெண். மூன்று மாதத்துக்கு முன் லோஜனைக் கட்டிக்கொண்டு பால்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவள். லோஜனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதத்துக்கு ஒரு முறை தலை காட்டுவான். மாமனார் செல்லசாமி தேயிலைத் தொழிற்சாலையில் இராக் காவல். மாமியார் ஜீவராணி கொழுந்து பறிப்பவள். இவர்கள் எல்லாருக்கும் மேலாக அந்த வீட்டில் ஒரு கங்காணி உண்டு.

மீசையும் தொப்பியுமாக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கங்காணி ஒரு நாய். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது. தினமும் ஜீவராணியின் பின்னாலேயே மலைக்குப் போய், கொழுந்து பறிக்கிற பெண்களின் நிரைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடக்கும். யாராவது அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டால் எதிரில் நின்று முறைத்துப் பார்க்கும். பெண்களாகப் பார்த்து வைத்த பெயர் அது. பெண்களை வேலை வாங்குகிற நிஜக் கங்காணிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்தக் கங்காணி நேற்று மாலை நிலக்ஷியின் கையைக் கவ்விவிட்டது. நல்ல காலம், பல் தோலில் படவில்லை. சுரிதாரின் கை மட்டும் முழங்கை வரை கிழிந்தது. செல்லசாமி அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் ரொம்ப நாளாகக் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் போனது. இன்று மாலை ஐந்து மணிக்கு ஆள் ஆட்டோவோடு வருகிறார்.

தீர்ப்புச் சொன்னது செல்லசாமி, பறிகொடுக்கப் போகிறவள் ஜீவராணி. கோப்பை ஏன் மேசைக்கு வந்தது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

"மாமி, நாயைக் குடுக்கச் சொல்லி நான் மாமாகிட்டக் கேக்கல."

"நீ கேக்கலன்னு எனக்குத் தெரியும்." ஜீவராணி ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினாள். "நீதான் ஒன்னுமே கேக்கிறதில்லையே."

அடுப்புக்குப் பின்னால் படுத்திருந்த கங்காணி, நிலக்ஷி எழுந்த சத்தத்துக்குத் தானும் எழுந்தது. வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, சுவரோடு சுவராக உரசியபடி வெளியே ஓடியது.

"என்னைப் பாத்து மட்டும் அது ஏன் மாமி இப்பிடிப் பயப்படுது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். மலையில நாப்பது பொம்பளைங்க இருக்காங்க. ஒருத்தியப் பாத்தும் அது பயந்ததில்ல. தொரையோட டிரைவரு, புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளைக்காம்பரா டீச்சரு, யாரைப் பாத்தாலும் வாலை ஆட்டும். பகலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாயந்தரம் நீ வர்ற நேரம் பாத்துத்தான் அதுக்கு என்னமோ ஆகுது."

அவ்வளவுதான். சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜீவராணி வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். கங்காணி அவள் பின்னால் துள்ளிக்கொண்டு போனது. அதன் கழுத்தில் கறுப்புப் பட்டி, பட்டியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு பச்சை விளக்கு.

அந்தப் பட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தவளே நிலக்ஷிதான்.

கல்யாணம் முடிந்து வந்த புதிதில் கங்காணி அவளைப் பார்த்து வள்ளென்று குரைத்தது. புது ஆள் வந்தால் எந்த நாயும் குரைக்கும். நாலு நாளில் தானாக அடங்கியிருக்கும். நிலக்ஷிக்குத்தான் பொறுமை இல்லை. மாமியார் வீட்டில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம். அவள் வேலை பார்க்கும் ராகலைக் கடையில் நாய்க்குப் போடுகிற கரண்டுப் பட்டி புதிதாக வந்து இறங்கியிருந்தது. முதல் சம்பளத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு ரிமோட், அதில் மூன்று பொத்தான். முதலாவதை அமுக்கினால் பட்டி 'பீப்' என்று கத்தும். இரண்டாவதற்கு அதிரும். மூன்றாவதற்கு ஒரு தடவை அதிர்ந்துவிட்டுக் கழுத்தில் கரண்டு பாயும், அதன் வேகத்தை எண் வைத்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

செல்லசாமிக்கு ஒரே சந்தோஷம். பத்து நாள் ரிமோட்டும் கையுமாகத் திரிந்தார். அடுப்படியில் மூக்கை நுழைத்தால் ஒரு அமுக்கு, கோழியைப் பார்த்தால் ஒரு அமுக்கு. பதினோராவது நாள் ஜீவராணி ரிமோட்டைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டாள். "இன்னொரு தடவ அமுக்கினா ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்றாள். அத்தோடு கரண்டு நின்றது. பட்டி மட்டும் கழுத்திலேயே தங்கிவிட்டது. "கெடந்துட்டுப் போகட்டும், அந்தப் பயத்துலயாவது ஒழுங்கா இருக்கும்" என்பது செல்லசாமியின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் போனோடு சேர்த்து அதற்கும் சார்ஜ் போடுவார். பச்சை விளக்கு மினுங்கினால் பார்க்க அழகாக இருக்கிறதாம்.

ரிமோட் அரிசிக்குள் கிடக்கிறது என்பதால் பட்டியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாச் சந்தேகமும் நிலக்ஷியின் மேல்தான் விழுந்தது.

ராகலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நன்றாக அழுதாள். குளிர்காலக் காலையில் பஸ்ஸில் அழுவதில் ஒரு வசதி உண்டு. எல்லாருடைய மூக்கும் சிவந்துதான் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மாமனார், மாமியார் மனசில் இடம் பிடிக்க நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு வாயில்லாத ஜீவன் தன்னைக் கண்டு நடுங்குவதை எப்படித் தாங்குவது? இன்று சாயங்காலம் அந்த நாய் ஆட்டோவில் ஏறிவிட்டால், அந்த வீட்டில் இனி அவள் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அது நாய் படுத்திருந்த மூலையாகத்தான் இருக்கும்.

* * *

நிலக்ஷி வேலை பார்க்கும் இக்ராமின் கடையில் ஆணி முதல் அடுப்புத் திரி வரை எல்லாம் கிடைக்கும். பத்து மணிவாக்கில், கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்ட ஒருவர் படியேறி வந்தார்.

"நாய்க்குப் போடுற கரண்டு பெல்ட்டு இருக்காமே தாயி. ரெண்டு குடு."

"ரெண்டாங்க?"

"ஒன்னு வீட்டுல இருக்கிற நாய்க்கு. இன்னொன்னு சாயந்தரம் வரப்போற நாய்க்கு. பால்மலையில ஒரு வாச்சர் குடுக்கிறாரு. மருமகப் புள்ளையவே கடிச்சு வெச்சிருச்சாம்! கடிக்கிற நாய்தான் காவலுக்கு நல்லது. ஆனா என்னையக் கடிச்சிரக் கூடாதில்ல? அதுக்குத்தான் பெல்ட்டு."

கடிபட்டதாகச் சொல்லப்பட்ட மருமகள் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். விற்கும் முன் வேலை செய்கிறதா என்று காட்ட வேண்டும், அது கடை வழக்கம். இரண்டு பட்டியையும் உயிர்ப்பித்து, முதல் ரிமோட்டின் 'பீப்' பொத்தானை அமுக்கினாள்.

பட்டிகள் இரண்டும் கத்தின.

தவறுதலாக இரண்டையும் தொட்டுவிட்டோமோ என்று நினைத்து மற்ற ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். மறுபடியும் இரண்டும் கத்தின. மூன்றாவதாக ஒரு பெட்டியை உடைத்துப் பட்டியை வெளியே வைத்தாள். இப்போது ஒரு ரிமோட்டுக்கு மூன்று பட்டி கத்தின.

"என்ன தங்கச்சி, கடைக்குள்ள கச்சேரி நடக்குதா?" என்று உள்ளேயிருந்து வந்தார் இக்ராம்.

"நானா, எந்த ரிமோட்ட அமுக்கினாலும் எல்லாப் பட்டியும் வேலை செய்யுது!" என்றாள் நிலக்ஷி, அண்ணன் முறை வைத்து அவரை 'நானா' என்றே கூப்பிடுபவள்.

இக்ராம் தாடியைத் தடவிக்கொண்டார். வியாபாரி அல்லவா. "அப்ப நல்லந்தானே. ஒரு ரிமோட்டுல பத்து நாயைப் பாத்துக்கலாம். ஐயாக்கிட்ட அப்பிடிச் சொல்லுங்க."

நிலக்ஷிக்கு அது காதில் விழவில்லை. அவள் மனம் பால்மலை லயத்துக்கு ஓடிவிட்டது.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் மூன்று வீட்டில் கேட்கும். இவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு மூக்கனுடையது. கங்காணிக்குப் பட்டி கட்டிய ஓரிரு நாளிலேயே அதைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் நாய் ஜிம்மிக்கும் ஒன்று வேண்டும் என்றார் மூக்கன். இரண்டு மாதத்துக்கு முன் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தவள் நிலக்ஷிதான். "அஞ்சுல வெச்சு அமுக்குங்க மாமா, ஒடனே அடங்கிரும்" என்று சொல்லிக்கொடுத்தவளும் அவளே.

தினமும் மாலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்குள் நுழைவாள். ஜிம்மி குரைக்கும். தொலைக்காட்சித் தொடரில் மூழ்கியிருக்கும் மூக்கன், திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிமோட்டை அமுக்குவார். ஜிம்மி அடங்கும். அதே நேரத்தில்தான் இந்தப் பக்கம் முன் திண்ணையில், இஸ்தோப்பில் படுத்திருக்கும் கங்காணி எழுந்து அவளைப் பார்க்கும். அதன் கழுத்திலும் கரண்டு பாயும். யார் அமுக்கினார் என்று அதற்கு எப்படித் தெரியும்? கண் முன்னால் நிற்பவள் நிலக்ஷி. அப்படியானால் குத்தியவளும் நிலக்ஷி.

அறுபது நாள். ஒரு நாள் விடாமல்.

அவள் பட்டியைத் தன் மணிக்கட்டில் வைத்துக் கட்டினாள். ரிமோட்டை ஐந்தில் வைத்தாள். இக்ராம் "ஏய், ஏய்" என்பதற்குள் அமுக்கிவிட்டாள்.

அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தில் ஆணி டப்பா ஒன்று கவிழ்ந்தது. வாசலில் நின்ற கீரைக்காரர் எட்டிப் பார்த்தார். கை முழங்கை வரை வெடவெடத்தது. நிலக்ஷிக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அந்தச் சத்தத்தை அவள் தினமும் வீட்டு வாசலில் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, நாய்க்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாள்!

"இத வாங்காதீங்க ஐயா" என்றாள் கம்பளித் தொப்பிக்காரரிடம். "அந்த நாயையும் கொண்டு போகாதீங்க. அது கடி நாய் இல்ல."

"ஒனக்கு எப்பிடித் தாயி தெரியும்?"

"அந்த மருமக நான்தாங்க."

அவர் பெயர் பொன்னையா. தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஒங்க மாமனாரு வாக்குக் குடுத்திருக்காரு. நானும் ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு வருவேன். நீங்க வீட்டுல பேசிக்கிங்க."

இக்ராமின் முகம் சுருங்கிப் போயிருந்தது. "தங்கச்சி, கடைக்கு வந்த ஆள வாங்க வேணாண்டு சொல்றது நல்லமில்ல. இன்னம் பதினெட்டுப் பெட்டி விக்காம மேல் தட்டுல ஈக்கி."

"தப்புத்தான் நானா. என்னை நாளைக்கு ஏசுங்க. இப்ப எனக்கு லீவும், இந்தப் பட்டியில ஒன்னும் வேணும்."

வீட்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை. இராக் காவல் முடிந்து தூங்குகிற செல்லசாமி போனை அணைத்துவிடுவார். ஜீவராணியிடம் போன் கிடையாது. இக்ராம் ஒரு நிமிடம் மேலே பார்த்தார், ஒரு நிமிடம் கவிழ்ந்த ஆணிகளைப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒரு கிழட்டுப் பூனை இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

"மூணு மணி வரைக்கும் நிண்டுட்டுப் போங்க. பெட்டி கிழியாம பத்திரமாக் கொண்டு வாங்க" என்றார்.

* * *

நாலு மணி தாண்டியபோது செல்லசாமி அப்போதுதான் எழுந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். மருமகள் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"நடுவுல செவுரு இருக்கே புள்ள. வெள்ளக்காரன் காலத்துக் கல்லுச் செவுரு. அதுக்குள்ள பூந்து கரண்டு வருமா?"

"வரும் மாமா."

"வராது."

"அப்ப இதைக் கையில கட்டிக்கிங்க."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி எழுந்து போயிருப்பார். ஆனால் செல்லசாமி முப்பது வருடமாகத் திருடர்களைப் பிடிப்பவர் (இது வரை மூன்று பேர், அதில் ஒருவர் அவரே தெரியாமல் பிடித்த கணக்கப்பிள்ளை). மருமகள் முன்னால் பயந்ததாக இருக்கக் கூடாது. சட்டைக் கையை மடித்து, பட்டியை முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு, மற்றக் கையில் கோப்பையை எடுத்தார்.

"நான் இப்ப ரோட்டுக்குப் போய், எப்பவும் போல வீட்டுக்கு வருவேன். மூக்கன் மாமாகிட்ட ஒன்னும் சொல்ல வேணாம்."

"நீ போய்ட்டு வா. நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

நிலக்ஷி ரோட்டு வரை நடந்து போய்த் திரும்பினாள். அவள் தலை தெரிந்ததும் ஜிம்மி குரைத்தது. அதே நேரம், கொழுந்து நிறுத்துவிட்டு ஜீவராணி கீழ்ப் பாதையால் ஏறி வந்துகொண்டிருந்தாள். இன்று கடைசி நாள் என்று நேரத்தோடே கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள் போலும். கங்காணி அவளுக்கு முன்னால் வாலை உயர்த்திக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தது. நிலக்ஷியைக் கண்டது. நின்றது.

மாமி இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று நிலக்ஷி கணக்குப் போடவில்லை. "மூக்கன் மாமா, அமுக்காதீங்க!" என்று கத்தினாள்.

தொலைக்காட்சிச் சத்தத்தில் அது மூக்கனுக்கு எங்கே கேட்கப் போகிறது.

மூன்று குரல்கள் ஒரே நொடியில் எழுந்தன. மூக்கன் வீட்டுக்குள் ஜிம்மி. வாசலில் கங்காணி. இஸ்தோப்பில் செல்லசாமி. மூன்றில் செல்லசாமியுடையதுதான் பெரிது. கோப்பை ஒரு பக்கம், தேத்தண்ணி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக, இருந்த இடத்திலிருந்து இரண்டடி எழும்பி இறங்கினார். ஓடி வந்த அயல் பெண்கள் அன்று இரவு வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நிலக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை. கங்காணி கத்தும்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கோழிக்கூட்டுக்குக் கீழே போய் ஒடுங்கிக்கொண்டது.

ஜீவராணி புருஷனைப் பார்த்தாள். அவர் கையில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்தாள். கோழிக்கூட்டைப் பார்த்தாள். ரிமோட்டோடு வெளியே வந்து "என்ன சத்தம்?" என்று கேட்ட மூக்கனையும் பார்த்தாள். வலது கையில் தொலைக்காட்சி ரிமோட், இடது கையில் நாய் ரிமோட்.

"மூக்கன் அண்ணே, அத இன்னொரு தடவ அமுக்கினீங்கன்னா அதை முழுங்க வெச்சிருவேன்" என்றாள் ஜீவராணி.

விஷயம் விளங்க ஐந்து நிமிடம் ஆனது. விளங்கியதும் மூக்கனின் மனைவி ராக்காயி தலையில் கை வைத்தாள். "அப்ப ஆரம்பத்துல செல்லசாமி அண்ணன் அமுக்கினதெல்லாம் எங்க ஜிம்மிக்கும் பட்டுச்சா? சோத்துத் தட்டக் கண்டாலே ஓடுதுன்னு மூனு வெள்ளிக்கெழம மொளகா சுத்திப் போட்டேனே! இந்த வெலவாசியில!"

ஜீவராணி கோழிக்கூட்டுக்குக் கீழே கையை விட்டு நாயை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பட்டியை அவிழ்த்தாள். மயிருக்குள் இரண்டு புண்கள் இருந்தன, இரண்டு இரும்பு முனைகளும் அழுந்திய இடத்தில், காசளவுக்குச் சிவந்து, ஈரமாக. தினமும் தலையைத் தடவிய கைதான். பட்டிக்குக் கீழே தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவும் இல்லை.

"நான்தான் கொண்டு வந்தேன் மாமி" என்றாள் நிலக்ஷி. "கொறைக்கக் கூடாதுன்னு. என்னை இந்த வீட்டுல எல்லாருக்கும் புடிக்கணும்னு."

"கொண்டு வந்தவ நீ. கட்டி விட்டது நாங்கதான." ஜீவராணி மூக்கை உறிஞ்சினாள். "அது ஒன்னையத் தப்பா நெனச்சுச்சு. அது நாயி. எனக்கு என்ன வந்துச்சு?"

மன்னிப்பு என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. இதுவே அதிகம்.

* * *

சரியாக ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. பொன்னையா கயிற்றோடு இறங்கினார். செல்லசாமி கையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"வாக்குக் குடுத்துட்டேனே ஜீவராணி. ஆளு ஆட்டோ புடிச்சு வந்திருக்காரு…"

"வாக்குக் குடுத்தது நீங்க. வேணும்னா நீங்க ஏறிப் போங்க. காவலுக்குத்தான கேட்டாரு? ஒங்களுக்கு அனுபவம் இருக்கு."

ஆட்டோக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பொன்னையா சிரிக்கவில்லை. ஜீவராணியின் மடியில் கிடந்த நாயின் கழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"பக்கத்து வீட்டு ரிமோட்டால வந்த வினை, சரி" என்றார். "என் தோட்டத்துக்குப் பக்கத்துல வீடே இல்ல. நான் மட்டும், தப்புப் பண்ணும்போது மட்டும் அமுக்கினா?"

அவர் கேட்டது நிலக்ஷியைப் பார்த்துத்தான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"தப்புன்னு நீங்க நெனைக்கிறது அதுக்கு எப்பிடிங்க தெரியும்? வலிக்கிற நேரம் அது எதைப் பாக்குதோ, அதுதான் வலிக்க வெச்சதுன்னு நெனைக்கும். நான் நடந்து வந்தேன், அவ்வளவுதான். என்னைப் பேயின்னு நெனச்சிருச்சு. தோட்டத்துல நீங்க மட்டுந்தான் இருப்பீங்க. அப்ப அது யாரைப் பாத்துக்கிட்டு இருக்கும்?"

பொன்னையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"காலையில நீ அந்தப் பக்கம் திரும்பின பெறகு மொதலாளிகிட்ட ஒன்னு வாங்கிட்டேன் தாயி. மத்தியானமே எங்க வீட்டு நாய் ராணிக்குக் கட்டிட்டேன். ரெண்டு தடவ அமுக்கினேன். நான் சோறு வெச்சுக்கிட்டு இருந்தப்ப…" முடிக்காமல் நிறுத்தினார். பிறகு ஆட்டோவைப் பார்த்து நடந்தார். "போற வழியில கடை தொறந்திருந்தா பெல்ட்டத் திருப்பி எடுத்துக்கச் சொல்லிருவேன். நீ சொன்னதாத்தான் சொல்லுவேன். வேற என்னத்தச் சொல்ல?"

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டில் ராணி கட்டிக் கிடக்கிறது என்று நிற்காமல் போய்விட்டார்.

பனி இறங்கத் தொடங்கியது. லயத்தில் அடுப்புகள் புகைந்தன. பட்டி போய்விட்டது, இனி எல்லாம் சரி என்றுதான் நிலக்ஷி நினைத்தாள். "கங்காணி" என்று மெல்லக் கூப்பிட்டாள். அது ஜீவராணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கழுத்தில் பட்டி இல்லை என்று நாய்க்குத் தெரியும். நிலக்ஷி இன்னும் நிலக்ஷிதான்.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. இருந்தாலும் உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ரொட்டித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தாள். ஜீவராணி கதவோரம் நின்று நாயைக் கவனித்தாள். கால் மணி நேரம் போனது. பின்னால் நகம் உரசும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம். மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது.

படியில் வைத்திருந்த அவள் போன் 'கிர்ர்' என்று அதிர்ந்தது.

கரண்டு பாயும் முன் பட்டி இப்படித்தான் அதிரும். கங்காணி ஒரே பாய்ச்சலில் கோழிக்கூட்டுக்குக் கீழே போய்விட்டது.

நிலக்ஷி போனைப் பார்த்தாள். இக்ராம் நானா. பொன்னையா கடைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். அதற்குள் ஒரு கை வந்து போனைப் பறித்துக்கொண்டது.

"யாரு?" என்றாள் ஜீவராணி, எதிர் மலைக்குக் கேட்கிற குரலில். "கடை மொதலாளியா? வணக்கம். எங்க வீட்டுப் புள்ள இப்ப முக்கியமான வேலையா இருக்கா. நாளைக்குப் பேசுங்க."

இக்ராம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜீவராணிக்குப் போனை நிறுத்தத் தெரியாது. முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளேயிருந்து இக்ராமின் குரல் கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஓய்ந்தது.

எங்க வீட்டுப் புள்ள. மூன்று மாதத்தில் இந்த வார்த்தையை நிலக்ஷி கேட்டதில்லை. கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் மலையையே பார்த்தாள்.

"மாமி, என் வேலை போயிருக்குமோ?"

"நாளைக்குப் பாப்போம். திரும்பாத, வருது."

"எவ்வளவு தூரத்துல?"

"நாலடி. உக்காந்திருச்சு. ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. பேசாத."

போன் மறுபடியும் அதிர்ந்தது. ஜீவராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள், எடுக்கவில்லை. கங்காணி எழுந்தது. மடங்கிய காதும் நிமிர்ந்தது. இரண்டடி பின்னால் போனது. ஓடவில்லை. அங்கேயே மறுபடியும் உட்கார்ந்தது.

"ஆறடி" என்றாள் ஜீவராணி கிசுகிசுப்பாக.

"பரவாயில்ல மாமி. நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்றாள் நிலக்ஷி. ரொட்டித் துண்டை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே, ஆறடிக்குக் கை நீட்டி எறிந்தாள்.

பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது.